முழங்கால் எக்ஸ்றே, ஸ்கான்: காசு கட்ட முதல் இதை வாசியுங்கோ

கிளிநொச்சிப் பக்கம் வயல்வேலை செய்யிற, ஐம்பது வயது தாண்டின ஒரு அம்மாவுக்கு நடந்தது. முழங்கால் நோவென்று தனியார் இடமொன்றுக்குப் போக, படுக்கவைத்து ஒரேயொரு எக்ஸ்றே எடுத்தார்கள். "சவ்வு முழுக்கத் தேஞ்சிட்டு, மூன்று ஊசி போடோணும்" என்று சொல்லிக் கையோடு முற்பணமும் வாங்கிவிட்டார்கள். பிலிமைப் பார்த்தால் எலும்புகளுக்கு நடுவில் இடைவெளி தாராளமாக இருக்கிறது!

அவர்கள் சவ்வு என்று சொன்ன குருத்தெலும்பு எக்ஸ்றேயில் விழாது. அந்த இடைவெளி எவ்வளவு ஒடுங்கியிருக்கு என்பதை வைத்துத்தான் தேய்மானத்தைக் கணிப்பது. படுத்திருக்கும்போது உடம்புப் பாரம் மூட்டில் இறங்காது, தேய்ந்த மூட்டும் நல்ல மூட்டுப் போலத் தெரியலாம். அதனால் நின்றபடி, இரண்டு முழங்காலும் ஒரே பிலிமில் வரக் கேளுங்கோ. 45 பாகை மடித்து நின்று, பின்னாலிருந்து எடுக்கும் படம் இன்னும் நல்லது. தேய்மானம் பலருக்கு மூட்டின் பின்பாகத்தில்தான் கூட, நேராக நின்று எடுத்தால் அது தப்பிவிடும். படியிறங்க முழங்கால் சில்லுக்குள் நோகுதென்றால், முழங்காலை மடித்துச் சில்லுக்கும் தொடையெலும்புக்கும் நடுவிலுள்ள இடத்தைக் காட்டும் ஸ்கைலைன் படமும் வேணும்.

நீங்கள் மாட்டக்கூடிய அடுத்த பொறி எம்.ஆர்.ஐ, அதாவது காந்தத்தால் எடுக்கும் ஸ்கான். நின்றெடுத்த எக்ஸ்றேயிலேயே தேய்மானம் தெளிவென்றால் ஸ்கானால் வைத்தியம் மாறுவது குறைவு. அமெரிக்காவின் ஃபிரேமிங்காமில் 50 முதல் 90 வயது வரையான 991 பேரை ஸ்கான் செய்து 2008இல் வெளியிட்டார்கள். மெனிஸ்கஸ் (மூட்டெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போலக் கிடக்கும் பிறைவடிவத் துண்டு) கிழிந்திருந்தவர்களில் 61 வீதமானோருக்கு முந்தைய மாதத்தில் முழங்கால் நோவே இல்லை. "கிழிஞ்சிருக்கு, உடனே ஒப்பரேஷன்" என்றால் இன்னொரு எலும்பு டொக்டரிடமும் காட்டுங்கோ. முழங்கால் மடிந்தபடி இறுகி நிமிராமல் நிற்குது, விழுந்தபிறகு வீங்கினது என்றால் கதை வேறு, ஸ்கான் தேவைப்படலாம்.

ஸ்கான் எடுப்பதென்றால் 1.5 டெஸ்லா (காந்தத்தின் பலத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேற்பட்ட மெஷினா என்று முதலே கேளுங்கோ. 0.3 டெஸ்லா போன்ற சின்னக் காந்தத்தில் குருத்தெலும்பின் சிறு வெடிப்புகள் தப்பிவிடும். றிப்போட்டில் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று இருக்கவேணும். "தேய்மானம் உண்டு" என்ற ஒற்றை வரிக்கா இவ்வளவு காசு? ஸ்கான் படங்கள் உள்ள சீடியை வாங்காமல் வெளிக்கிடாதேங்கோ.

உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறவர்கள், இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் எம்.ஆர்.ஐக்குப் பதியும்போதே சொல்லவேணும். நகையை மட்டும் கழற்றச் சொல்லி உள்ளே அனுப்பும் இடங்களும் உண்டு. கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய்க்குக் கிட்டக் கிடக்கும் இரும்பைக் காந்தம் அசைத்தால் ஆபத்து. முதலில் அந்த இடத்தைச் சாதாரண எக்ஸ்றேயில் பார்க்கச் சொல்லுங்கோ. துண்டு முழங்காலுக்குள்ளேயே என்றால், படத்தில் அதைச் சுற்றிக் கறுப்பாக அடித்து, குருத்தெலும்பை வாசிக்கவே ஏலாமல் போகலாம்.