மாத மளிகைக்கு எது: டிமார்ட் ரெடியா, பத்து நிமிட செயலியா?

மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. பத்து கிலோ இட்லி அரிசியோடு படியேறி இடுப்பு பிடித்துக்கொண்ட அன்றே டிமார்ட் சூப்பர் மார்க்கெட்டுக்கு நேரில் போவதை நிறுத்தினேன். அப்புறம் சில மாதம் அவர்களுடைய டிமார்ட் ரெடி செயலியிலும், பிளிங்கிட், செப்டோ மாதிரியான பத்து நிமிட செயலிகளிலும் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தேன். இப்போது மாத மளிகை முழுக்க டிமார்ட் ரெடிதான்.

வேகத்தில் போட்டியே இல்லை. பாலை அடுப்பில் வைத்தபின் காபித்தூள் டப்பா காலி என்று தெரிந்தால் பத்து நிமிடக்காரர்தான் தெய்வம். டிமார்ட் ரெடியில் நேரம் குறித்துவிட்டு நாளையோ மறுநாளோ வரும் என்று காத்திருக்க வேண்டும். சரி, மாதச் சாமானுக்கு அவசரம் என்ன?

விலையில்தான் ஏமாறுகிறோம். சோப்பு, பற்பசைக்கு எம்.ஆர்.பி.யைத் தயாரிப்பவரே அச்சிடுகிறார். எந்தக் கடையிலும் அதே எண். ஆகவே '15 சதவீதம் தள்ளுபடி' என்பதை நம்பி ஒப்பிடலாம். பருப்பு அப்படியல்ல. பாக்கெட் போடுபவர் ஆளுக்கொரு எம்.ஆர்.பி. போடுவார். 260 என்று அச்சிட்டு, அதைக் கோடு போட்டு அடித்து 190 என்று காட்டினால் நமக்கு 70 ரூபாய் மிச்சம் மாதிரி இருக்கும். அந்த 260ஐ யாரும் எப்போதும் கொடுத்ததே இல்லை!

பார்க்க வேண்டியது அலகு விலை, அதாவது ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ எவ்வளவு என்பது. அதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று இப்போது விதியே உண்டு. அதிலும் ஒரு பொறி: கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு எவ்வளவு என்றும், கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு எவ்வளவு என்றும் இருக்கும். உதாரணத்துக்கு, அரை கிலோ துவரம்பருப்பு 95 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.19. இரண்டு கிலோ 330 என்றால் கிலோவுக்கு 165. 0.19 என்பது கண்ணுக்கு ஒன்றுமில்லாத காசு. ஆயிரத்தால் பெருக்கினால் 190. கிலோவுக்கு 25 ரூபாய் கூடுதல். பத்து நிமிட செயலிகளில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் சின்ன பாக்கெட்தான்.

இப்படிப் பெருக்கிப் பார்த்ததில் என் பட்டியலில் பருப்பு, எண்ணெய், சர்க்கரை மூன்றும் டிமார்ட்டில்தான் குறைவு. 2002இல் மும்பை பவாயில் தொடங்கிய காலத்திலிருந்தே பெரும்பாலும் சொந்த இடத்தில் கடை வைப்பதும், சரக்குக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலையைக் குறைப்பதும் அவர்கள் வழக்கம். டெலிவரி கட்டணம் உண்டு, ஆனால் மாதத்துக்கு ஒருமுறை. பத்து நிமிட செயலியில் நாலு நாளுக்கொரு சின்ன ஆர்டர். நான் வாங்கியபோது ஒவ்வொன்றுக்கும் ஹேண்ட்லிங் சார்ஜ் போட்டார்கள், மழை பெய்தால் அதற்கொன்று.

மலிவு என்று அளவுக்கு மீறி வாங்கினால் வேறு நஷ்டம். ஆறு கிலோ பாசிப்பருப்பு வாங்கி, பாதியை வண்டுக்குக் கொடுத்தேன். தப்பு என்னுடையதுதான்.

காய்கறியை டிமார்ட் ரெடியில் இரண்டே முறை வாங்கியிருக்கிறேன். தக்காளி நன்றாக இருந்தது, கீரை வாடியிருந்தது; அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். எப்படியும் கொத்தமல்லிக்குத் தெருமுனைக் கடைக்குத்தான் போகிறேன். அங்கே கறிவேப்பிலைக்குக் காசு கேட்பதில்லை.