கொயோட்டி வேட்டை: .223-ஆ, .22-250-ஆ, .243-ஆ?

கொயோட்டி என்பது வட அமெரிக்காவின் காட்டு நாய் இனம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வளர்ந்த கொயோட்டி ஒன்று பெரும்பாலும் 10 முதல் 16 கிலோ எடை இருக்கும். குளிர்கால ரோமம் புசுபுசுவென்று நிற்பதால் ஓநாய் மாதிரி தெரியும். ரோமத்தைக் கழித்துப் பார்த்தால் ஒரு நாட்டு நாய் அளவுதான். (தமிழில் இதைக் குள்ளநரி என்று எழுதிவிடுகிறார்கள். நம்மூர்க் குள்ளநரி வேறு இனம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம்.) குண்டு பட வேண்டிய நெஞ்சுப்பகுதி உயரத்தில் நாலைந்து அங்குலம்தான் தேறும். அதற்குள் தவறாமல் விழ வேண்டும். மானைச் சாய்க்கும் வலு இதற்குத் தேவையில்லை.

தலைப்பில் உள்ள .223, .22-250, .243 மூன்றும் தோட்டா வகைகளின் பெயர்கள். துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வேகத்தை. கேட்க வேண்டியது தூரத்தை. அடிபட்ட முயல் அலறுவது போன்ற ஒலியை எழுப்பி, பதினைந்து இருபது நிமிடம் அசையாமல் காத்திருக்கும் வேட்டையில் கொயோட்டி தானாகவே நெருங்கி வருகிறது. 150 கெஜத்தைத் தாண்டிச் சுட வேண்டிய தேவை அடிக்கடி வருவதில்லை. சில சமயம் 30 கெஜத்தில் வந்து நிற்கும்.

இந்தத் தூரத்துக்கு .223 ரெமிங்டன் தாராளம். 55 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு; 15 கிரெயின் ஏறக்குறைய ஒரு கிராம்) குண்டு விநாடிக்குச் சுமார் 3,240 அடி வேகத்தில் கிளம்பும். 200 கெஜத்துக்கு ஜீரோ செய்தால் (அந்தத் தூரத்தில் குண்டு குறியிலேயே விழும்படி ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, அமைத்தால்) 300 கெஜத்தில் ஏழு அங்குலம் இறங்கும். தோட்டா மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். அதனால் பயிற்சிக்குக் கை தாராளமாகப் போகும். தோளில் விழும் உதை குறைவு என்பதால் சுட்ட பிறகும் கண் ஸ்கோப்பை விட்டு விலகாது, குண்டு எங்கே பட்டது என்று நாமே பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே பலர் இதை விட்டு நகர்வதில்லை.

1965-இல் ரெமிங்டன் சந்தைக்குக் கொண்டுவந்த .22-250 அதே 55 கிரெயினை 3,680 அடியில் தள்ளுகிறது. 300 கெஜத்தில் இறக்கம் ஐந்து அங்குலமாகக் குறைகிறது. மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்றில் .223 சுமார் 11 அங்குலம் விலகும், இது 9. வயோமிங், மொன்டானா போன்ற திறந்த புல்வெளியில் அந்த இரண்டு அங்குலம் நிஜமான லாபம். மரமடர்ந்த இடத்தில் அதற்காகக் கொடுக்கும் விலை அதிகம்: சத்தம் கூடுதல், பேரல் (குழல்) சூடேறுவதும், அதில் குண்டு முதலில் நுழையும் தொண்டைப் பகுதி தேய்வதும் சீக்கிரம், பக்கத்தில் நின்ற கொயோட்டியின் தோலில் கையளவு கிழிசல். தோலை விற்பவருக்கு அது நஷ்டம்.

பழைய .22-250 வாங்கினால் பேரலின் முறுக்கைக் கேளுங்கள் (குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகின்றன என்பது). 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெயின் ஈயக் குண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீளமான குண்டு அதில் நிலைகொள்ளாமல் புரளும்; இலக்குத் தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித்துளை மாதிரி நீள ஓட்டை விழும். கலிஃபோர்னியாவில் இது முக்கியம். அங்கே 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கை வேட்டையாடவும் ஈயமில்லாத தோட்டாதான். செம்பு ஈயத்தைவிட லேசு; அதே எடைக்குக் குண்டு நீண்டுவிடும், அதற்கு வேகமான முறுக்கு வேண்டும். 9 அல்லது 8 அங்குல முறுக்குள்ள .223 அங்கே நிம்மதி.

.243 வின்செஸ்டரை (1955) மானும் சுடுபவர் மட்டும் யோசித்தால் போதும். கொலராடோவில் மானுக்குக் குண்டுக்குக் குறைந்தது .24 அங்குல விட்டம் கேட்கிறார்கள்; .223 அங்கே செல்லாது. 58 கிரெயின் போட்டால் கொயோட்டிக்கு, 100 கிரெயின் போட்டால் மானுக்கு. இரண்டும் ஒரே புள்ளியில் விழாது, மாற்றும்போதெல்லாம் ஜீரோவைச் சரிபார்க்க வேண்டும். .204 ரூகர் (2004) 32 கிரெயினை 4,200 அடிக்கு மேல் விரட்டும்; தோலுக்கு நல்லது, ஆனால் தோள் எலும்பில் பட்டால் உள்ளே போகாமல் மேலேயே சிதறக்கூடும். .17 எச்எம்ஆர் நரிக்குச் சரி, கொயோட்டிக்குப் போதாது.

போல்ட் ஆக்‌ஷனா, ஏஆர்-15-ஆ? முன்னதில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும்; பின்னது தானாகவே ஏற்றிக்கொள்ளும். ஜனவரி, பிப்ரவரி இணைசேரும் காலத்தில் கொயோட்டிகள் ஜோடியாக வரும். இரண்டாவதைச் சுட ஏஆர் கைகொடுக்கும். .22-250 தோட்டா அதன் மேகசினுக்குள் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அடங்காது, ஆகவே அங்கே .223 தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏஆரில் ஸ்கோப் குழலுக்கு இரண்டரை அங்குலம் மேலே உட்காரும். 200 கெஜத்துக்கு ஜீரோ செய்த துப்பாக்கி 30 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் கீழே அடிக்கும். புல் மறைவில் தலை மட்டும் தெரியும் கொயோட்டி இப்படித்தான் தப்பிக்கிறது.

ஸ்கோப் 3-9 (மூன்று மடங்கு முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவது) போதும். காத்திருக்கும்போது 3-இல் வைத்திருங்கள். 9-இல் வைத்துவிட்டுக் குனிந்தால், பக்கத்தில் வந்து நிற்கும் விலங்கின் எந்தப் பகுதி என்றே தெரியாத ரோமம்தான் வட்டம் முழுக்க நிறையும்.

கடுங்குளிரில் போல்ட்டுக்குள் தடித்த எண்ணெய் இருந்தால் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி மெதுவாக நகரும், தோட்டா வெடிக்காது. எண்ணெயைத் துடைத்து உலர்வாக வைப்பதே வழி. குழல்வாயில் பனி புகாமல் ஒரு துண்டு எலெக்ட்ரிகல் டேப் ஒட்டலாம். சுடும்போது அதுவே பிய்ந்துவிடும், குறி மாறாது.