பழைய ஹொட் டப் சூடாகவில்லையா? கழுவுவதா, எலிமென்ட் மாற்றுவதா, முழு ஹீட்டரா, ஹீட் பம்ப்பா

பாசிக்குடாவிலும் அறுகம் குடாவிலும் உள்ள விடுதிகளுக்குக் கைமாறி வரும் ஹொட் டப்பில் பம்ப் ஓடும், லைட் எரியும், தண்ணீர் மட்டும் சூடாகாது. உடனே புது ஹீட்டருக்கு ஓடர் கொடுப்பது வீண் செலவாகலாம். முதலில் மல்டிமீற்றரை எடுங்கள்.

பிரேக்கரை இறக்கி, எலிமென்டின் (ஹீட்டருக்குள் தண்ணீரைச் சூடாக்கும், உள்ளே கம்பி ஓடும் உலோகக் குழல்) இரண்டு முனைகளிலும் வயரைக் கழற்றி ஓம் பாருங்கள். 230 வோல்ட், 3 கிலோவாட் எலிமென்ட் 17.6 ஓம் அளவில் காட்ட வேண்டும். 2 கிலோவாட் என்றால் 26.5. அமெரிக்க டப்பின் 240 வோல்ட், 5.5 கிலோவாட் என்றால் 10.5. ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. முனைக்கும் உலோக உறைக்கும் இடையில் ஓம் காட்டினாலோ, ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் ட்ரிப் சுவிட்ச் இறங்கினாலோ, உறை அரித்து உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அதைக் காயவைத்துத் திரும்பப் போடவே கூடாது. ஆள் இறங்கும் தண்ணீர் அது.

ஓம் சரியாக இருந்து, டிஸ்பிளேயில் எஃப்.எல்.ஓ (FLO) என்று வந்தால் குறை தண்ணீர் ஓட்டத்தில் இருக்கிறது. பில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சூடு ஏறினால் பில்டர்தான் அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் பம்பை நிறுத்தி, அதன் யூனியனை (குழாயை இணைக்கும் திருகு வளையம்) சற்றுத் தளர்த்திக் காற்றை வெளியே விடுங்கள். ஓட்டமும் சரியென்றால் வெப்பநிலை சென்சரைப் பாருங்கள். பெரும்பாலான டப்புகளில் அது 25 பாகை செல்சியஸில் 10,000 ஓம் காட்டும், 40 பாகையில் ஏறத்தாழ பாதியாகும்.

அமெரிக்க டப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் பம்ப் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. நம் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், அழுத்தம் சுமார் 70 வீதத்துக்கு இறங்கும், மோட்டாரும் கொதிக்கும். போதிய நீரழுத்தம் இருந்தால் மட்டும் மூடும் பிரஷர் சுவிட்ச் இதனால் மூடாவிட்டால் ஹீட்டருக்குக் கரண்டே போகாது. இந்த டப்பில் எத்தனை ஹீட்டர் மாற்றினாலும் பயனில்லை, மாற்ற வேண்டியது பம்பைத்தான். பிரஷர் சுவிட்சை வயரால் குறுக்கே இணைத்து ஓட வைக்கும் வேலை ஆபத்து. ஓட்டம் நின்றால் குழாயே உருகிவிடும். 120 வோல்ட்டில் ஓடும் ஓசோன் கருவி, சிறிய பம்ப் போன்றவற்றுக்கு நம் 230 வோல்ட் போனால் எரிந்துபோகும்.

எலிமென்டில்தான் கோளாறு என்று உறுதியானால் இனித் தெரிவு.

ஓம் சரி, முட்டை ஓடு போல வெள்ளைப் படிவு மட்டும் என்றால் கழுவினால் போதும். லீற்றருக்கு 50 கிராம் சிற்றிக் அமிலம், ஒரு மணி நேரம் ஊறல், மென்மையான பிரஷ். கம்பி பிரஷ் உறையின் மேலுள்ள காப்புப் படலத்தைக் கீறி, அந்த இடத்திலேயே துருவைத் தொடங்கிவைக்கும். கழுவிய பிறகு ஊசிமுனைக் கறுப்புப் புள்ளியோ வீக்கமோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

எலிமென்ட் மட்டும் மாற்றுவது மலிவு, ஆனால் கைவேலை அதிகம். குழாயின் உட்பக்கம் பள்ளம் விழாமல், ஓ றிங் (நீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் இடம் வழுவழுப்பாக இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். முனையில் மேல் நட்டை இறுக்கும்போது கீழ் நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் தண்டு திரும்பி, உள்ளே கம்பி முறிந்து, புது எலிமென்ட் ஒரு நிமிடம்கூட ஓடாது. வயர் முனை பழுப்பாகக் கருகியிருந்தால் அதை வெட்டிப் புது லக் (வயர் முனை உலோகக் கவ்வி) போடுங்கள். தளர்ந்த இணைப்புத்தான் அடுத்த எலிமென்டையும் கட்டுப்பாட்டுப் பலகையில் ஹீட்டரை இயக்கும் றிலேயையும் எரிக்கும்.

குழாயோடு முழு ஹீட்டர் விலை கூடியது. ஆனால் கடற்கரையோரக் கிணற்று நீர் நிரப்பும் விடுதிக்கு நாம் சொல்வது அதைத்தான், அதுவும் டைட்டேனியம் எலிமென்டோடு. உவர்த் தண்ணீரின் குளோரைட் சாதாரண ஸ்டெயின்லெஸ் உறையை ஓட்டை போடும். நிக்கல் கூடிய கலப்புலோகமான இன்கோலோய் அதைவிடத் தாங்கும், டைட்டேனியம் அதைவிட வெகுகாலம் தாங்கும். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டுக்கு இன்கோலோய் எலிமென்டே தாராளம்.

ஹீட் பம்ப் வேறு கணக்கு. 1,000 லீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 38க்கு ஏற்ற 11.6 யூனிட் வெப்பம் தேவை. எலிமென்ட் அத்தனையையும் மின்சாரத்திலிருந்தே எடுக்கும், 3 கிலோவாட்டில் ஏறத்தாழ 4 மணி நேரம் ஓடும். ஹீட் பம்ப் வெப்பத்தைக் காற்றிலிருந்து இழுப்பதால், நம் வெக்கையில் இதே வேலைக்கு 3 யூனிட் அளவே போதும். தினமும் விருந்தினர் இறங்கும் டப்புக்கு இதை வாங்கலாம், கிழமைக்கு ஒரு நாள் நிரப்புவதற்கு வேண்டாம். வாங்கினால் கடலைப் பார்த்து வைக்காதீர்கள். உப்புக் காற்று அலுமினியத் தகடுகளைத் தின்னும். கட்டடத்தின் மறைவில் வைத்து, மாதம் ஒருமுறை நன்னீரால் கழுவிவிடுங்கள்.