ஆப் செய்து வாங்குபவர்கள் கவனத்துக்கு: 'ரத்து' பட்டன் எதையும் ரத்து செய்யவில்லை

கம்பம், போடி, குமுளி பக்கம் கடைக்கென்று தனியாக ஆப் செய்து வாங்கும் யோசனையில் இருந்தால், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை.

எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். புற்றடியிலும் போடியிலும் ஏலம் எடுத்த சரக்கைத் தரம் பிரித்து, போட்டோவும் கிலோ விலையும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவோம். அதற்குத்தான் ஆப். மலையில் சிக்னல் போய்ப் போய் வரும் என்பதால், பின்னணியில் காத்திருந்து சிக்னல் கிடைத்ததும் தானே போகிற மாதிரி செய்து தந்தார்கள். அதுவரை நல்ல வேலைதான். கூடவே சிவப்பில் ஒரு 'ரத்து' பட்டன்.

குமுளியில் இருந்த எங்கள் பையன் ஒரு லாட்டுக்கு 2,540 என்று போட வேண்டியதை 2,450 என்று போட்டுவிட்டான். உடனே பார்த்து ரத்து அழுத்தினான். 'ரத்து செய்யப்பட்டது' என்று பச்சை டிக்கோடு வந்தது, பட்டியலிலும் காணோம். சரியான விலையைப் போட்டுவிட்டு வண்டி ஏறினான். லோயர் கேம்ப் இறங்கி சிக்னல் வந்ததும் இரண்டு விலையும் எல்லோருக்கும் போய்விட்டன. எர்ணாகுளத்துக்காரர் விடவில்லை: "நிங்ஙள் தன்னெயல்லே அயச்சது?" (நீங்கள்தானே அனுப்பினீர்கள்?) கிலோவுக்கு 90 ரூபாய் போச்சு.

கம்பெனிக்குப் போன் போட்டால், "ரீசன்ட்ஸ்ல ஆப்பைத் தள்ளிவிடுங்க சார், நின்னுடும்" என்றார்கள். சில போன்களில் நிற்கலாம், பொதுவாக நிற்காது. பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ஆண்ட்ராய்டின் வொர்க்மேனேஜர் இவற்றைப் போனிலேயே எழுதி வைத்துக்கொள்கிறது. ஆப்பை மூடினாலும், போனை அணைத்துப் போட்டாலும் மறுபடி எடுத்து ஓட்டும். அதை உண்டாக்கியதே அதற்குத்தான். செட்டிங்ஸில் போய் போர்ஸ் ஸ்டாப் கொடுத்தால் நிற்கும். அடுத்து ஆப்பைத் திறந்ததும் மீண்டும் கிளம்பும்.

கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அக்கா மகன் ஆப்பின் புரோகிராம் கோடைத் திறந்து பார்த்தான். "மாமா, இந்தப் பட்டன் திரையில இருக்கிற வரியைத்தான் அழிக்குது. வேலையை நிறுத்தச் சொல்லவே இல்ல" என்றான். அனுப்பும் வேலைக்குப் பெயரோ டேக்கோ வைக்கவில்லை, அதன் ஐடியையும் சேமிக்கவில்லை. அப்புறம் எதைப் பிடித்து நிறுத்துவது?

இதைச் சொன்னதும் 'கூடுதல் வசதி' என்று தனி பில் போட்டார்கள். கொடுத்தோம். திரும்பி வந்த ஆப்பில் வரிசையில் காத்திருப்பது நிற்கிறது, ஓடிக்கொண்டிருப்பது நிற்கவில்லை! ஓடும் வேலையிடம் ஆண்ட்ராய்டு 'நிறுத்து' என்று சொல்லும், அவ்வளவுதான். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாது. நிறுத்தச் சொல்லி வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு போட்டோவுக்கு முன்னும் கோடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இவர்கள் எழுதியது கடைசி போட்டோ போகும்வரை பார்ப்பதே இல்லை. "ஐபோன்லயும் கேன்சல் வெச்சிருக்கோம் சார்" என்று பெருமை வேறு. அங்கே பின்னணி வேலைகளை வரிசையில் வைக்கும் பிஜி டாஸ்க் ஷெட்யூலரில் கேன்சல் கொடுத்தால் காத்திருக்கும் வேலை மட்டும்தான் நீங்கும், தொடங்கியது ஓடும்.

பேலன்ஸ் பணம் கொடுக்கும் முன் அவர்களை உட்கார வைத்து நிறைய போட்டோ அனுப்பிப் பாருங்கள். பாதியில் ரத்து அழுத்துங்கள். இன்னொரு முறை ஏரோப்ளேன் மோடில் ரத்து செய்து, போனை ரீஸ்டார்ட் செய்து, சிக்னலை விடுங்கள். அனுப்பிய போனைப் பார்க்காதீர்கள், வாங்குகிறவர் போனில் என்ன வந்தது என்று பாருங்கள். சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். போனில் நிறுத்துவது அதற்கு உதவாது.

இரண்டாவது பில் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். "டீம்கிட்ட கேட்டுச் சொல்றோம் சார்" என்பதுதான் இன்றுவரை பதில்.