நடுவீட்டு இருட்டுக்கு எது சரி: கூரை ஜன்னலா, வெளிச்சக் குழாயா, கண்ணாடிக் கூரையா?

வரிசை வீட்டின் இருட்டு ஒரு தனி ரகம். இரண்டு பக்கச் சுவரிலும் பாதி அண்டை வீட்டுக்காரருக்குச் சொந்தம். அதில் ஜன்னல் வைக்க வழியில்லை. முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டே வாசல்கள் வெளிச்சத்துக்கு. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு, மிஞ்சிப்போனால் இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே போகும் என்பது கட்டடக்காரர்களின் பழைய கணக்கு. மேல்விளிம்பு 2.1 மீட்டரில் இருந்தால் நாலேகாலிலிருந்து ஐந்தேகால் மீட்டர் வரை. வீட்டின் ஆழம் 12 மீட்டர் என்றால், நடுவில் ஒன்றரையிலிருந்து மூன்றரை மீட்டர் வரை எந்த ஜன்னலுக்கும் எட்டாத இடம். மாடிப்படியும் குளியலறையும் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கும்.

மிச்சமிருப்பது தலைக்கு மேலே உள்ள வானம். நல்ல வேளையாக அதுதான் பணக்கார வானம். மேகம் மூடிய நாளில் உச்சி வானம் அடிவானத்தைப் போல் மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். 1942-இல் மூன், ஸ்பென்சர் என்ற இரு ஆய்வாளர்கள் கொடுத்த இந்த விகிதத்தை வைத்துத்தான் இன்றும் பகல் வெளிச்சக் கணக்குகள் போடுகிறார்கள். போதாததற்கு, சுவர் ஜன்னல் பாதி வானத்தைத்தான் பார்க்கும். அதிலும் எதிர்வீடு ஒரு பங்கை மறைத்துவிடும். அதனால் ஒரே அளவுக் கண்ணாடியைச் சுவரில் வைப்பதைவிடக் கூரையில் வைத்தால் இரண்டு, மூன்று மடங்கு வெளிச்சம் கிடைப்பது சாதாரணம்.

இதுவரை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். கூரையில் எதை வைப்பது என்பதில்தான் சண்டை.

திறக்கும் ஜன்னலா, திறக்காத கண்ணாடியா?

இதில் நான் ஒருபக்கச் சார்புள்ளவன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மாடிப்படிக்கு மேலே திறக்காத கண்ணாடியைத்தான் முதலில் வைத்தோம். செலவு குறைவு, அசையும் பாகம் எதுவும் இல்லை, ஒழுகுவதற்கு இடமும் குறைவு என்று சொன்னார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் சூடான காற்று மேலே ஏறும், மாடிப்படி ஒரு புகைபோக்கி மாதிரி அதை அள்ளிக்கொண்டு போகும் என்பதை யாரும் சொல்லவில்லை. கோடையில் வீட்டின் மொத்தச் சூடும் அந்தக் கண்ணாடிக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. கைக்கெட்டும் தூரத்தில் வானம், வெளியே போக மட்டும் வழியில்லை.

குளிர் நாட்களில் இன்னொரு வேடிக்கை. காலையில் படியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஒழுகுகிறது என்று ஆள் கூப்பிட்டோம். அவர் வந்து விளிம்பெல்லாம் சிலிகான் பூசிவிட்டுப் போனார். மறுவாரமும் சொட்டியது. மறுபடி வந்தார், மறுபடி பூசினார். மழையே பெய்யாத ஒரு வாரத்திலும் சொட்டியபோதுதான் புரிந்தது: அது ஒழுகல் இல்லை, வியர்வை. குளிப்பது, சமைப்பது, மூச்சு விடுவது என்று வீட்டிலிருந்து எழும் ஈரமெல்லாம் மேலே போய், குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது.

திறக்கும் ஜன்னல் இந்த இரண்டு தொல்லையையும் ஒரே கைப்பிடியில் தீர்க்கும். கீழே பின்பக்க ஜன்னலையும் மேலே கூரை ஜன்னலையும் திறந்துவைத்தால், இரண்டுக்கும் இடையே இருக்கும் உயர வித்தியாசமே காற்றை இழுத்துவிடும், மின்விசிறி வேண்டாம். டென்மார்க்கில் 1941-இல் வில்லும் கான் ராஸ்முசன் தொடங்கிய, கூரை ஜன்னல் செய்யும் வெலக்ஸ் நிறுவனத்தின் பெயரே காற்றோட்டத்தைக் குறிக்கும் வென்டிலேஷன் என்ற சொல்லின் தொடக்கத்தையும் லக்ஸ் என்ற வெளிச்சச் சொல்லையும் சேர்த்ததுதான். வெளிச்சமும் காற்றும் ஒன்றாக வர வேண்டும் என்பது அப்போதே தெரிந்த சங்கதி.

சரி, திறக்கும் ஜன்னலிலும் இரண்டு வகை. நடு அச்சில் சுழல்வது ஒன்று. அதன் கைப்பிடி மேலே இருக்கும், கீழே மேசை கட்டில் போட்டுக்கொள்ளலாம், முழுசாகச் சுழற்றி வெளிக்கண்ணாடியை உள்ளேயிருந்தே துடைக்கலாம். மேல்விளிம்பில் கீல் உள்ளது இன்னொன்று. வெளிப்பக்கமாகத் திறக்கும், அடியில் நின்று வெளியே பார்க்கலாம். பரணை அறையாக மாற்றுகிறவர்களுக்கு இரண்டாவது பிடிக்கும். மாடிப்படிக்கு மேல் என்றால் இரண்டுமே கைக்கு எட்டாது. அங்கே மோட்டார்தான், கூடவே மழை பட்டதும் தானாக மூடும் உணரி. நீண்ட கம்பி வைத்துத் திறக்கலாம். ஒரு மாதம் திறப்பீர்கள், அப்புறம் கம்பி மூலையில் நிற்கும்.

ஜன்னலா, வெளிச்சக் குழாயா?

உண்மையான போட்டி இதுதான். கூரைமேல் ஒரு தெளிந்த குமிழ், கீழே சீலிங்கில் ஒரு பரப்பும் தட்டு, இரண்டுக்கும் நடுவே உட்புறம் கண்ணாடி போல் மின்னும் குழாய். பார்க்கிறவர்கள் விளக்கு என்று நினைத்து ஸ்விட்சைத் தேடுவார்கள்.

குழாயைப் பற்றிப் பேசும்போது விட்டத்தை மட்டும் கேட்பது வழக்கம். 250 மில்லிமீட்டர் குழாயைவிட 350 மில்லிமீட்டர் குழாயின் வாய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிது, அது சரிதான். ஆனால் அதைவிட முக்கியம் உட்பூச்சு எவ்வளவு பிரதிபலிக்கிறது என்பது. வெளிச்சம் குழாய்க்குள் பத்து முறை மோதிக் கீழே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மோதலிலும் 98 சதவீதம் திரும்பினால் கடைசியில் 82 சதவீதம் மிஞ்சும். 95 சதவீதம் திரும்பினால் 60 தான். வெறும் மூன்று சதவீத வித்தியாசம் இவ்வளவு தூரம் இழுக்கும். குழாய் ஒல்லியாக, நீளமாக, வளைந்து போகப் போக மோதல்கள் கூடும். சுருக்கம் சுருக்கமாக வளையும் துருத்திக் குழாய் பொருத்துவதற்குச் சுலபம் என்பார்கள். அந்தச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தைத் தின்னும். பரணில் தடை இருந்தாலொழிய அதை வாங்காதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்த்தால், 78 × 98 சென்டிமீட்டர் கூரை ஜன்னலில் சட்டம் போகக் கண்ணாடி மட்டும் ஏறத்தாழ அரை சதுர மீட்டர். 350 மில்லிமீட்டர் குழாயின் வாய் அதில் ஐந்தில் ஒரு பங்கு. குழாய் தோற்றுப்போகும் இடம் இது. அதில் வானம் தெரியாது, நிலா தெரியாது, காற்றும் வராது.

ஜெயிக்கும் இடமும் உண்டு. குழாய்க்காகக் கைமரம், அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரம், எதையும் அறுக்க வேண்டாம், இரண்டு மரங்களுக்கு நடுவே நுழைந்துவிடும். ஒரு நாளில் வேலை முடியும். வாய் சின்னது என்பதால் வெயில் சூடும் அந்த அளவுக்குத்தான் வரும். ஜன்னலே இல்லாத குளியலறை, துணி அலமாரி அறை, இருண்ட நடைவழி இவற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. உட்கார்ந்து நேரம் போக்கும் அறைக்கு மட்டும் வேண்டாம்.

பின்பக்கத் தட்டைக் கூரை

வரிசை வீட்டுக்காரர்கள் தவறாமல் செய்யும் ஒரு காரியம், சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுவது. புது அறை பளிச்சென்று ஆகிவிடும். நடு அறை குகையாகிவிடும். அதன் பின்பக்க ஜன்னலைத்தான் நாமே மூடிவிட்டோமே. அப்புறம் நீட்டிய அறையின் நட்டநடுவில் அழகாகக் கூரைக் கண்ணாடி வைப்பார்கள், ஏற்கெனவே வெளிச்சம் இருக்கும் இடத்தில்.

அதைப் பழைய பின்சுவரை ஒட்டி வையுங்கள். வெளிச்சம் அந்தச் சுவரில் வழிந்து இறங்கி நடு அறைக்குள் போகும். இதில் ஒரு சங்கடம், மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் சமையலறை முழுக்கத் தெரியும். அது சம்மதமா என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

இங்கே குமிழா, கண்ணாடியா என்ற கேள்வி வரும். பாலிகார்பனேட் குமிழ் மலிவு, லேசு. ஆனால் மழையில் தகரக்கொட்டகைச் சத்தம், வருடங்கள் போனால் வெயிலில் மஞ்சளாகும். தட்டைக் கண்ணாடிக்கு விலை கூடுதல், சத்தம் குறைவு. எதுவானாலும் கூரை மட்டத்திலிருந்து 150 மில்லிமீட்டராவது உயர்த்திய கட்டின்மேல் உட்கார வேண்டும், சிறிய சரிவும் வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி அழுக்கு வளையம் நிற்கும். கான்கிரீட் தளமாக இருந்தால் துளை போடும்போது உள்ளே ஓடும் கம்பிகளும் அறுபடும். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் கட்டரை எடுக்க விடாதீர்கள்.

கூரையைத் துருத்திக்கொண்டு நிற்கும் பெட்டி ஜன்னலையும் சிலர் கேட்பார்கள். தலை இடிக்காமல் நிற்க இடம் வேண்டுமென்றால் அது நல்லது. வெளிச்சத்துக்காக மட்டும் என்றால் வீண், ஏனென்றால் அதன் பக்கச் சுவர்களே வெளிச்சத்தை மறைக்கும். ஓட்டுக் கூரையில் நாலு கண்ணாடி ஓடு மாற்றுவது எல்லாவற்றையும்விட மலிவு. கீழே பரணோ வெப்பத்தடுப்போ இல்லாத கூரைக்கு மட்டும் அது உதவும்.

சூடும் கண்ணாடியும்

கோடை வெயில் உச்சியிலிருந்து அடிப்பதால், படுத்திருக்கும் கண்ணாடிதான் அதை முழுசாக வாங்கும். உள்ளே திரை போட்டால் கண் கூச்சம் போகும். சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டது, அதில் பெரும்பகுதி திரும்பிப் போகாது. வெளிப்பக்கத் திரைதான் வேலை செய்யும். சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பதைக் குறிக்கும் ஜி மதிப்பையும் கேளுங்கள். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் அது 0.7-ஐ ஒட்டி இருக்கும். வெயில் தடுக்கும் பூச்சு உள்ளதில் 0.3 வரை இறங்கும்.

கண்ணாடி வழியாக வெப்பம் எவ்வளவு கடந்து போகும் என்பதைக் காட்டுவது யூ மதிப்பு, குறைந்தால் நல்லது. விற்பவர்கள் சொல்லும் அந்த எண்ணில் ஒரு சூட்சுமம். அது பெரும்பாலும் கண்ணாடியை நிமிர்த்தி வைத்துச் சொல்லும் எண். அதையே படுக்கவைத்தால் இடைவெளியில் உள்ள வாயு சுழன்று வெப்பத்தை அதிகம் கடத்தும், 1.1 என்று சொன்ன இரட்டைக் கண்ணாடி 1.6, 1.7 ஆகிவிடும். உள்பக்கக் கண்ணாடி லேமினேட் செய்ததா, அதாவது நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியதா என்றும் பாருங்கள். கடினப்படுத்திய கண்ணாடி உடைந்தால் பொடிப்பொடியாகத் தலையில் கொட்டும். லேமினேட் உடைந்தாலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும்.

திசை விஷயத்தில், பூமத்திய ரேகையை விட்டு வெகுதூரம் தள்ளிய இடங்களில் அந்த ரேகைக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும் சரிவில் சீரான, சூடில்லாத வெளிச்சம் கிடைக்கும். ரேகைக்கு அருகில் இருந்தால் சூரியன் இரண்டு பக்கமும் போய் வரும். அங்கே திசையை நம்பாமல் வெளித்திரையை நம்புங்கள்.

எதை எங்கே

ஒரே ஒரு துளை போடத்தான் பணம் என்றால், படுக்கையறைகளை விட்டுவிடுவேன். திறக்கும் ஜன்னல் ஒன்றை மாடிப்படிக்கு நேர்மேலே வைப்பேன். வீட்டில் தளங்கள் தடுக்காமல் மேலிருந்து கீழ்வரை போகும் ஒரே குழி அதுதான். ஒரு ஜன்னல் இரண்டு தளத்துக்கும் வெளிச்சம் தரும். படிச்சுவர்களுக்கு வெள்ளை அடித்தால் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதம் திரும்பும். அடர்நிறச் சுவரில் 20 கூடத் திரும்பாது. உட்கூரையில் துளையின் கீழ்ப்பக்கத்தைச் செங்குத்தாகவும் மேல்பக்கத்தைத் தரைக்கு இணையாகவும் விரித்து விட்டால் வெளிச்சம் பரவும், சூடான காற்று கண்ணாடியைத் தடவிப் போவதால் வியர்வையும் குறையும்.

கைமரங்கள் 600 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் 55 சென்டிமீட்டர் அகல ஜன்னல் எதையும் அறுக்காமல் உட்காரும். அதைவிட அகலம் வேண்டுமென்றால் ஒரு மரத்தை வெட்டி, மேலும் கீழும் குறுக்கு மரம் கொடுத்து, இரண்டு பக்கக் கைமரங்களையும் இரட்டையாக்க வேண்டும். முன்கூட்டியே செய்துவந்து ஏற்றிய முக்கோணச் சட்டக் கூரையா, அதில் ஒரு குச்சியைக்கூட வெட்டக்கூடாது. அங்கே குறுகிய ஜன்னல் அல்லது குழாய்தான். பக்கத்து வீட்டு எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதற்குத் தீ விதிகள் பல நாடுகளில் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கும் ஓட்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ஃபிளாஷிங் தகட்டை உங்கள் ஓட்டின் வகைக்கே வாங்குங்கள்; அலை ஓட்டுக்கு உள்ளது தட்டை ஸ்லேட்டுக்குப் பொருந்தாது, கூரை ஜன்னல் ஒழுகினால் பெரும்பாலும் குற்றவாளி அந்தத் தகடுதான்.

எங்கள் வீட்டில் திறக்காத கண்ணாடியைக் கழற்றிவிட்டு மோட்டார் ஜன்னல் போட்டாயிற்று. குளியலறைக்கு 350 மில்லிமீட்டர் குழாய். நடு அறைக் கதவை மட்டும் கண்ணாடியாக மாற்றினோம், படிக்கட்டு வெளிச்சம் அது வழியாகப் போகிறது. சொட்டுவது நின்றுவிட்டது, சிலிகான் மட்டும் இன்னும் ஓட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.