ஜிஆர்4ஜே-யா, ஸ்வாட்டா? நகரக் குடிநீருக்கு எந்த நீரியல் மாதிரி?

நகரத்துக்குக் குடிநீர் திட்டமிடும்போது, மழையை வைத்து ஆற்றில் வரும் நீரைக் கணக்கிடும் நீரியல் மாதிரிகளில் "எந்த மாதிரி துல்லியமானது?" என்ற கேள்விதான் முதலில் வரும். கோடையில் எதை நம்பலாம் என்று கேட்டால் பதில் மாறிவிடும்.

பிரான்சில் உருவான ஜிஆர்4ஜே-க்குத் தினசரி மழையளவும் ஆவியாதல் திறனும் (அதிகபட்சம் ஆவியாகக்கூடிய நீரளவு) போதும். நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஒரே அலகாக எடுத்துக்கொண்டு, நான்கே அளவுருக்களை (ஆற்றுக்கேற்ப நாம் சரிசெய்யும் எண்களை) வைத்து ஆற்றில் வரும் நீரைச் சொல்லிவிடும். அமெரிக்க வேளாண் துறையில் உருவான ஸ்வாட் இதற்கு நேர் எதிர். மண், நிலப்பயன்பாடு, சரிவு மூன்றையும் பார்த்துப் பகுதியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குப் போடும். மேலே காடு வயலாகி, வயல் வீட்டுமனையானால் அணைக்கு வரும் நீர் என்ன ஆகும்? இதற்கு ஸ்வாட்டிடம்தான் போக வேண்டும். ஆனால் அதில் அளவுருக்கள் ஏராளம். ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைத்து, தப்பான வழியில் சரியான விடைக்கு வந்து சேரவும் முடியும்.

சரி, இரண்டையும் எதைக் கொண்டு எடைபோடுவது? பலரும் எடுப்பது 1970-இல் வந்த நாஷ்-சட்கிளிஃப் மதிப்பெண்ணை. 1 என்றால் முழுப் பொருத்தம். என் கவலை இங்கேதான். அது பிழையை வர்க்கப்படுத்துகிறது. வெள்ள நாளில் ஆற்றில் விநாடிக்கு 500 கனமீட்டர் ஓட, மாதிரி 450 என்கிறது. பிழையின் வர்க்கம் 2500. கோடையில் 2 ஓட, மாதிரி 4 என்கிறது. வர்க்கம் வெறும் 4. மதிப்பெண்ணில் இந்தப் பிழை தெரியவே தெரியாது. ஆனால் நகரத்துக்குத் தேவை 3 என்றால், தாளில் தண்ணீர் மிஞ்சும், குழாயில் வராது. ஓட்டத்தின் மடக்கையை எடுத்து அதே மதிப்பெண்ணைக் கணக்கிட்டால் கோடைப் பிழை வெளியே தெரியும்.

நீரியலாளர் விட் கிளெமெஷ் 1986-இல் சொன்ன சோதனை இன்னும் கறாரானது. மழை நிறைந்த ஆண்டுகளில் மாதிரியைப் பழக்கிவிட்டு, வறண்ட ஆண்டுகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதை இரண்டுக்கும் வைத்த பிறகே நான் தேர்ந்தெடுப்பேன். ஆற்று ஓட்டப் பதிவு நீளமாக இருந்து, மேற்பகுதி பெரிதாக மாறாது என்றால் ஜிஆர்4ஜே போதும். நிலம் வேகமாக மாறும் இடத்தில் சிரமம் பார்க்காமல் ஸ்வாட்தான்.

அப்புறம் வீப் என்ற நீர்த் திட்டமிடல் மென்பொருள். அதன் பலம் பங்கீட்டில். வீடு, தொழிற்சாலை, பாசனம் என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 99 வரை முன்னுரிமை கொடுத்து, இருக்கும் நீரைப் பிரித்துக் காட்டும். மேலே சொன்ன கோடைக் கணக்கில் 4 என்று கொடுத்தால், இல்லாத 2 கனமீட்டரையும் சேர்த்தே பங்கு போடும்.