தேர்தல் ஆணையத்தின் பழைய புள்ளிவிவர அறிக்கைகள்: ஜனசங்கத்தின் கதை படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை

1951 தேர்தல் தொடங்கி மக்களவைத் தேர்தல் ஒவ்வொன்றுக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம் ஒரு புள்ளிவிவர அறிக்கையை இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கிடையாது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். இன்றைய பா.ஜ.க.வின் முன்னோடியான பாரதிய ஜனசங்கம் எப்படி வளர்ந்து, 1977இல் எதிர்க்கட்சிகள் சேர்ந்து உருவாக்கிய ஜனதா கட்சியில் கரைந்தது என்று வகுப்பில் சொல்ல வேண்டியிருந்ததால் வரிசையாகப் படித்தேன். கட்சி அபிமானிகளின் புத்தகத்திலும் எதிராளிகளின் புத்தகத்திலும் கிடைக்காத தெளிவு இதில் கிடைத்தது.

முதல் அறிக்கையில் ஜனசங்கத்துக்கு 3 இடம். கல்கத்தா தென்கிழக்கில் ஜெயித்தவர் கட்சியைத் தொடங்கிய சியாமா பிரசாத் முகர்ஜி. அப்புறம் 4, 14, 35 என்று ஏறி, 1971இல் 22க்கு இறங்குகிறது.

இடங்களை மட்டும் எண்ணினால் சுவாரசியம் இல்லை. ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நான் பிடித்தது வாஜ்பாயியை. 1957இல் மூன்று தொகுதிகளில் நிற்கிறார். பல்ராம்பூரில் வெற்றி, லக்னோவில் தோல்வி, மதுராவில் டெபாசிட்டே போய்விட்டது. அன்றைக்கு அது எவ்வளவு சின்னக் கட்சி என்பதற்கு எனக்கு இந்த மூன்று வரி போதும்.

1977 அறிக்கைதான் என்னை அசைத்தது. புதுதில்லியில் வாஜ்பாயி ஜெயித்திருக்கிறார், ஆனால் பெயருக்கு எதிரே 'பி.எல்.டி.' (பாரதிய லோக் தளம் என்ற வேறு கட்சி) என்று இருக்கிறது! ஜனசங்கம் என்ற பெயரே அந்தத் தேர்தலில் இல்லை. நெருக்கடி நிலையில் சிறைக்குப் போன தலைவர்கள் வெளியே வந்ததும் தேர்தல் தலைக்கு மேல் நின்றது. முறையான இணைப்பு நடந்தது மே மாதம்தான். அதனால் பாரதிய லோக் தளத்தின் சக்கரத்துக்குள் ஏருழவன் சின்னத்தில் ஜனதா நின்றது. 295 இடங்களும் அந்தக் கணக்கில்தான் ஏறின. தமிழ்நாட்டில் ஸ்தாபன காங்கிரஸ் (காங்கிரஸ் உடைந்தபோது இந்திராவுக்கு எதிராக நின்ற பிரிவு) பெயரில் நின்றார்கள். நாகர்கோவிலில் குமரி அனந்தன் ஜெயித்தது அப்படித்தான். கால் நூற்றாண்டு உழைத்து வளர்த்த பெயரையும் விளக்குச் சின்னத்தையும் விட்டுவிட்டு ஒரு கட்சி இன்னொரு கட்சியின் சின்னத்தில் ஓட்டுக் கேட்டது சாதாரண முடிவு அல்ல. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

1980 ஜனவரியில் அதே புதுதில்லி, அதே வாஜ்பாயி, கட்சி ஜனதா. ஏப்ரலில் பாரதிய ஜனதா பிறக்கிறது. 1984 அறிக்கையில் அதற்கு 2 இடம், வாஜ்பாயி குவாலியரில் தோல்வி.

காரணங்களை இதில் தேடக் கூடாது. ஆர்.எஸ்.எஸ். தொடர்பு வைத்திருப்பவர் ஜனதாவிலும் இருக்கலாமா என்ற இரட்டை உறுப்பினர் சண்டையை வேறு இடத்தில்தான் படிக்க வேண்டும். 295இல் பழைய ஜனசங்கத்தார் எத்தனை பேர் என்ற பிரிவும் இருக்காது. ஆனால் நடந்ததை நடந்தபடி தெரிந்துகொள்ள நினைக்கும் மாணவர்களுக்கும் போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுத்துச் சிபாரிசு செய்வேன். முதலில் கட்சிகளின் சுருக்கப் பெயர்ப் பட்டியலைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது பக்கத்தில் இல்லாமல் 1977ஐத் திறக்காதீர்கள்.